பதினேழாம் அத்தியாயத்தில் இல்லாதவர்கள்

ஹாப்பவாரா
3 நவம்பர் 1955

எழுத்தாளர் திரு. வில்யோ ரன்தாலா அவர்களுக்கு,

எங்கள் ஊர் நூலகக் குழுவின் சார்பில் இதை எழுதுகிறேன். நூலகம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஊராட்சி அலுவலகத்தின் பின்னறை, ஆறு அலமாரி, ஒரு கணப்பு அடுப்பு, அப்புறம் நான். வாரத்தில் மூன்று நாள் திறக்கிறேன்.

உங்கள் ‘சாம்பல் மேடு’ நாவல் இரண்டு பிரதி வந்தது. அதற்கு முப்பத்தொரு பேர் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஒரு பிரதி தொலைந்துவிட்டதாக போஸ்ட் மாஸ்டர் சாதிக்கிறார். அவர் மனைவி அதை இரண்டாம் தடவை படித்துக்கொண்டிருக்கிறாள் என்பது ஊருக்கே தெரியும். போரைப் பற்றிப் பத்து வருடமாக வாயே திறக்காத ஆண்கள் இப்போது என் மேஜைக்கு எதிரே நின்று பேசுகிறார்கள். அந்த மட்டில் உங்களுக்கு நன்றி.

ஜனவரி 14, சனிக்கிழமை மாலை, இளைஞர் சங்க மண்டபத்தில் நீங்கள் வந்து நாவலிலிருந்து படிக்க வேண்டும் என்பது குழுவின் விருப்பம். பதினேழாம் அத்தியாயத்தைத்தான் கேட்கிறார்கள். காரணம், அதில் வரும் ஹன்னெஸ். செம்பட்டை முடி, பதுங்குகுழியில் உட்கார்ந்து ஊரார் கைக்கடிகாரத்தை எல்லாம் ரிப்பேர் பண்ணுகிறவன், வாயைத் திறந்தால் நக்கல். “இது ஆர்வி கோர்பி இல்லாம வேற யாரு?” என்று எல்லாரும் கேட்கிறார்கள்.

ஆர்வி என் அண்ணன்.

அம்மா இருக்கிறாள். கண்ணில் புரை, படிக்க முடியாது. ஆனால் 1944 ஜூலையில் உங்கள் ராணுவக் கம்பெனியிலிருந்து வந்த கடிதம் அவளுக்கு மனப்பாடம். ‘தலையில் குண்டுச் சிதறல் பட்டு, வலி ஏதும் உணராமல், அக்கணமே உயிர் நீத்தார்.’ கீழே கையெழுத்து லெப்டினன்டுடையது. ஆனால் கம்பெனிக் கடிதங்களை எல்லாம் எழுதுவது குமாஸ்தா வில்யோதான் என்று ஆர்வி முன்பே எங்களுக்கு எழுதியிருந்தான்.

உங்கள் புத்தகத்தில் ஹன்னெஸுக்குத் தொடையில் அடிபடுகிறது. நாலு மணி நேரம் கூப்பிடுகிறான். ஒருவரும் போகவில்லை. இரண்டையும் எழுதியது ஒரே கை. இதில் எது நடந்தது?

அம்மா முதல் வரிசையில் உட்காருவாள். அதனால் நீங்கள் என்ன படிக்கப்போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே தெரிவித்தால் நல்லது.

இப்படிக்கு,
தைமி கோர்பி

•

ஹெல்சிங்கி
11 நவம்பர் 1955

மதிப்பிற்குரிய செல்வி கோர்பி,

அழைப்புக்கு நன்றி. ஆர்வியின் தங்கையிடமிருந்து கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். ஹன்னெஸ் என்பவன் ஆர்வி அல்ல. நாவலில் வருகிறவர்கள் பத்துப் பேரிடமிருந்து பத்து விஷயம் எடுத்துச் சேர்த்து உண்டாக்கப்பட்டவர்கள். ஒருவனுடைய முடி, இன்னொருவனுடைய வாய், மூன்றாமவனுடைய மரணம். எழுதுகிறவனுக்கு அதைத் தவிர வேறு வழியில்லை. அந்த மேட்டில் ஒரு தனி மனிதன் சாகவில்லை, ஒரு தலைமுறையே தனியாக விடப்பட்டது என்பதைத்தான் அந்த அத்தியாயம் சொல்ல முயல்கிறது.

நான் கம்பெனிக் குமாஸ்தா. என் இடம் பின்னால், தட்டச்சு இயந்திரத்துக்கு முன்னால். ஆர்வியின் கடைசி நேரத்தைப் பற்றி மற்றவர்கள் சொன்னதைத்தான் எழுதினேன்.

பதினேழு வேண்டாம். ஏழாம் அத்தியாயம் படிக்கிறேன். காட்டுக்குள் நீராவிக் குளியலறை கட்டப்போய்க் கூரை கர்னல் தலையில் விழும் இடம். ஜனங்கள் சிரிப்பார்கள்.

மரியாதையுடன்,
வில்யோ ரன்தாலா

•

ஹாப்பவாரா
20 நவம்பர் 1955

திரு. ரன்தாலா அவர்களுக்கு,

நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. ‘பதினேழாம் அத்தியாயம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கர்னல் தலையில் கூரையைப் போட்டு நீங்கள் தப்பித்துக்கொள்ள முடியாது.

உங்கள் நாவலை நான் மூன்று தடவை படித்துவிட்டேன். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். நன்றாக எழுதியிருக்கிறீர்கள், அதில் எனக்குக் குறையில்லை. பசி, பேன், ஈர மேல்கோட்டின் நாற்றம் எல்லாம் இருக்கிறது. ஆனால் ஒரு விஷயம் உங்கள் கண்ணில் படவே இல்லை. ஒருவன் செத்தால் இரண்டு பேர் அவனைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறார்கள். அடுத்த பக்கத்தில் சொந்த ஊர்த் தேவாலய மண்ணில் வெள்ளைச் சவப்பெட்டி இறங்குகிறது. உங்கள் புத்தகம் மட்டுமில்லை, என் அலமாரியில் உள்ள போர்ப் புத்தகம் எல்லாமே இப்படித்தான். இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் என்ன நடந்தது? பெட்டிக்குள் அவன் தானாக நடந்துபோய்ப் படுத்துக்கொண்டானா?

நடுவில் நாங்கள் இருந்தோம். பிற தேசத்துக்காரர்கள் செத்த இடத்திலேயே புதைத்துவிட்டுப் போகிறார்கள். நாம்தான் ஒவ்வொருவனையும் அவன் ஊருக்கே அனுப்பினோம். அனுப்புவதற்கு முன்னால் கழுவ வேண்டாமா? ராணுவத்துக்கு உதவிய லோத்தா பெண்கள் சங்கத்து உடுப்புப் போட்ட நாங்கள் கழுவினோம். எனக்கு அந்தக் கோடையில் இருபத்தொரு வயது. பெரிய கத்தரிக்கோலால் சீருடையை வெட்டி எடுப்பது, பையில் இருப்பதை எடுத்து எண் போட்டுக் கட்டுவது, கழுவுவது, தலை சீவுவது, காகிதச் சட்டை போடுவது. முகம் இல்லாதவனுக்குப் பெட்டியின் மேல் ‘திறக்க வேண்டாம்’ என்று எழுதுவது. போர் முடிந்ததும் லோத்தா சங்கத்தையே தடை செய்தார்கள். உடுப்பை அடுப்பில் போட்டேன். அதன் பிறகு இதை யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

ஜூலை பத்தாம் தேதி நாலாவது வண்டியில் ஆர்வி வந்தான்.

தலையில் ஒன்றுமில்லை. ஒரு கீறல் கூட இல்லை. இடது தொடையில் காயம், அதற்கு மேலே ஒரு பெல்ட் இறுக்கிக் கட்டியிருந்தது. அவனுடைய பெல்ட் அவன் இடுப்பிலேயே இருந்தது. நகத்துக்குள் எல்லாம் மண்ணும் பாசியும். ஆக, அவன் ரொம்ப நேரம் உயிரோடு இருந்திருக்கிறான், யாரோ ஒருவர் அவனிடம் போயிருக்கிறார். பெல்ட்டை அவிழ்த்துத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் சுட்ட கம்பியால் எழுதியிருந்தது: வி. ரன்தாலா.

அதை அம்மாவுக்கு அனுப்பும் பொட்டலத்தில் வைக்கவில்லை. துணிக்குவியலோடு எரித்துவிட்டேன். பதினொரு வருடமாக ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

பின்னால், தட்டச்சு இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரின் பெல்ட் என் அண்ணன் காலுக்கு எப்படி வந்தது?

தைமி கோர்பி

•

ஹெல்சிங்கி
8 டிசம்பர் 1955

செல்வி கோர்பி,

உடல்நிலை சரியில்லை. நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொல்கிறார். ஜனவரியில் வர இயலாது என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறேன். குழுவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லவும்.

வி. ரன்தாலா

•

ஹாப்பவாரா
12 டிசம்பர் 1955

திரு. ரன்தாலா,

ஜனவரி மாதத்துச் சளி டிசம்பரிலேயே தெரிந்துவிட்டதா? கெட்டிக்கார டாக்டர்தான்.

நான் உங்களைத் தூக்கில் போடக் கூப்பிடவில்லை. எனக்குத் தெம்பும் இல்லை. பகலெல்லாம் நூலகம், சாயங்காலம் மாட்டுக்கொட்டில், அதற்கு மேல் அம்மா. நேற்று அவள் கேட்கிறாள், “அந்தத் தம்பி வந்தா நம்ம வீட்லயே தங்கிக்கட்டும், ஆர்வி கூட இருந்தவன் ஆச்சே?” நான் பால் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். வரவேண்டாம் என்றால் வரவேண்டாம்.

தைமி

•

ஹெல்சிங்கி
27 டிசம்பர் 1955

அன்புள்ள தைமி,

கிறிஸ்துமஸ் முழுக்க இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். இனி கிழிக்கத் தாள் இல்லை.

அந்தக் கோடையில் குமாஸ்தா, சமையல்காரன் என்று ஒரு வித்தியாசமும் இல்லை. எல்லார் கையிலும் துப்பாக்கியைக் கொடுத்து மேட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாலு நாள் நாங்கள் தூங்கவில்லை. நாலு நாள் என்று நாவலில் எழுதினால் ஒரு வார்த்தை. உள்ளே இருந்தால் வேறு. நின்றுகொண்டிருக்கும்போதே கனவு வரும். பக்கத்தில் இருக்கிறவனைப் பள்ளிக்கூட வாத்தியார் என்று நினைத்துப் பதில் சொல்வோம்.

ஒன்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்குப் பின்வாங்கச் சொல்லி உத்தரவு. ஓடும்போது ஆர்விக்கு அடிபட்டது. நான் திரும்பிப் போனேன். வீரம் என்று நினைக்காதீர்கள், அவன் எனக்கு அடுத்தவன், விழுந்தது கண்ணில் பட்டது, அவ்வளவுதான். என் பெல்ட்டைக் கழற்றிக் கட்டினேன். அந்த நிலையிலும் அவன் சும்மா இருக்கவில்லை. “டேய், இறுக்கிக் கட்டுடா. இது காலுடா, தபால் பொட்டலம் இல்ல,” என்றான். அவனைத் தூக்கிப் பார்த்தேன். ஆறடி ஆள், என்னால் முடியவில்லை.

“ஆள் கூட்டிட்டு வரேன். பத்தே நிமிஷம்.”

“பத்துன்னா பத்து. நான் மணி பாத்துட்டே இருப்பேன், ஆமா.”

இரண்டாவது அகழி அறுநூறு மீட்டர் பின்னால். போய்ச் சேர்ந்தேன். சார்ஜென்டிடம் சொன்னேன். தூக்குப்படுக்கைக்காரர்கள் இன்னொருவனைக் கொண்டுபோயிருந்தார்கள். “இப்ப வந்துருவாங்க, உக்காருய்யா,” என்றார். யாரோ ஒரு குவளையைக் கையில் கொடுத்தார்கள். காப்பி என்ற பெயரில் வறுத்த தானியத் தண்ணீர், ஆனால் சூடாக இருந்தது. ஒரு பைன் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

கண் விழித்தபோது காலை ஆறு மணி.

பதிமூன்று மணி நேரம், தைமி. குண்டு சத்தம், ஆள் சத்தம், ஒன்றும் என்னை எழுப்பவில்லை. தூக்குப்படுக்கைக்காரர்கள் வந்திருக்கிறார்கள். எங்கே போக வேண்டும் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான், என்னைச் செத்தவன் என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறார்கள். விடியற்காலையில் வேறொரு கம்பெனி மேட்டைத் திரும்பப் பிடித்து, இறந்தவர்களை வண்டியில் ஏற்றிவிட்டது. எனக்குக் கொடுத்தது பெயர்ப் பட்டியலும் தட்டச்சு இயந்திரமும். முதலில் உங்கள் அம்மாவுக்குத்தான் எழுதினேன். ‘அக்கணமே.’

நாவலில் இதை மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். பதிப்பகத்தில் கைப்பிரதியைப் படித்தவர் சொன்னார்: “தூங்கிட்டான்னு போட்டா வாசகன் புத்தகத்த மூடி வச்சிருவான். பயந்துட்டான்னு மாத்துங்க. பயத்த எல்லாரும் மன்னிப்பாங்க.” எனக்கு அப்பாடா என்று இருந்தது. நான் அதையும் மாற்றி, திரும்பிப் போனவனையே எடுத்துவிட்டு, யாருமே போகவில்லை என்று ஆக்கிவிட்டேன். எல்லார் மேலும் பழியைப் போட்டால் என் பங்குக்கு ஒரு சிட்டிகைதான் வரும். விமர்சகர்கள் அந்த அத்தியாயத்தைத்தான் ‘ஈவிரக்கமற்ற உண்மை’ என்று பாராட்டுகிறார்கள். படிக்கும்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறது.

கேட்டதற்குப் பதில் எழுதிவிட்டேன். வரச் சொன்னால் வருகிறேன்.

வில்யோ

•

ஹாப்பவாரா
3 ஜனவரி 1956

வில்யோவுக்கு,

கடிதத்தை நூலகத்தில், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் படித்தேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பதினொரு வருடம் சேர்த்து வைத்த கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அசதிதான் வந்தது. மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

தூக்கம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். கழுவுகிற இடத்தில் நாங்களும் காலிப் பெட்டிகளின் மூடி மேல் படுத்துத் தூங்கியிருக்கிறோம். அதற்காக உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். அவன் மணியைப் பார்த்துக்கொண்டே கிடந்தான் என்பதை இனி நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? மன்னிப்பதும் மன்னிக்காததும் அம்மாவின் பாடு. அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

வாருங்கள். எதைப் படிப்பது என்று நான் சொல்லப்போவதில்லை. அந்த அத்தியாயத்தை மட்டும் அப்படியே படித்துவிட்டுப் பஸ் ஏறினால், அண்ணன் கூப்பிட்டு ஒரு நாயும் வரவில்லை என்று அம்மா நம்பிக்கொண்டே சாவாள். அது எனக்குப் பொறுக்காது. அவனிடம் ஒருவர் போனார். அது அவளுக்குத் தெரிய வேண்டும்.

முடிந்தால் எங்களைப் பற்றியும் ஒரு வரி சொல்லுங்கள். கழுவினவர்களைப் பற்றி. புத்தகத்தில்தான் இல்லை, வாயிலாவது வரட்டும்.

பஸ் நாலரைக்கு வரும். நல்ல பூட்ஸ் போட்டுக்கொண்டு வாருங்கள், இங்கே பனி முழங்காலளவு கிடக்கிறது.

தைமி

•

ஹெல்சிங்கி
17 ஜனவரி 1956

அன்புள்ள தைமி,

உங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் வரவேண்டியதாகிவிட்டது. அம்மாவை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போன நீங்கள் திரும்பி மண்டபத்துக்கு வரவில்லை.

இரண்டு பக்கம் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினேன், அது உங்களுக்குத் தெரியும். அதன் பிறகு என்ன வரிசையில் பேசினேன் என்று நினைவில்லை. பதிமூன்று மணி நேரம் என்று சொன்னபோதும் உங்கள் அம்மா என் குரல் வந்த திசையைப் பார்த்தபடியே இருந்தார். எழுந்து போவார் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை.

அப்புறம்தான் நீங்கள் கேட்ட அந்த ஒரு வரி. “என் பெல்ட்ட அவுத்து, அவனக் கழுவி, தலை சீவி அனுப்பினவங்க இந்த மண்டபத்துலதான் இருக்காங்க. அவங்களப் பத்தி நான் ஒரு வரி எழுதல.” பெருமையாகத்தான் சொன்னேன். உங்கள் பக்கம் கையைக் காட்டி, பெயரையும் சொன்னேன். உங்கள் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை என்று நீங்கள் எழுதியதில் அம்மாவும் அடக்கம் என்று எனக்கு உறைக்கவே இல்லை. அவர் அப்போதுதான் எழுந்து கோட்டைக் கேட்டார்.

பிறகு போஸ்ட் மாஸ்டர் மனைவி காப்பி ஊற்றினார். கிளம்பும்போது யாரோ ஒருவர் என் கோட்டுப் பையில் ஏலக்காய் ரொட்டி இரண்டைத் திணித்தார். பஸ்ஸில் அதைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அம்மா எப்படி இருக்கிறார்? உங்களிடம் பேசுகிறாரா? இரண்டாம் பதிப்பு வருகிறது, அந்த அத்தியாயத்தை மாற்றச் சொன்னால் மாற்றுகிறேன்.

வில்யோ

•

ஹாப்பவாரா
5 பிப்ரவரி 1956

வில்யோவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எழுத ஒன்றுமில்லாமல் இருந்தது. இரண்டு வாரம் அம்மா என்னோடு பேசவில்லை. கொட்டிலில் பசுவோடு பேசினாள். அடுத்த வீட்டுக்காரி வந்தால் அவளிடம், “உப்பு தீந்துடுச்சுன்னு என் மக கிட்ட சொல்லிடு,” என்பாள். நான் அதே அறையில் நின்றுகொண்டிருப்பேன்.

உங்கள் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அடுத்த வீட்டுக்காரி உங்களைத் திட்ட ஆரம்பித்ததும் அம்மா அவள் வாயை அடைத்துவிட்டாள். “நாலு நாள் தூங்காதவன் தூங்காம என்ன பண்ணுவான்? போயி ஒரு தடவ கட்டினானே, அது போதும்.” ஆக, நீங்கள் தப்பித்தீர்கள். மாட்டிக்கொண்டது நான். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அந்த ஒரு வரியைக் கேட்டவளே நான்தான்.

அத்தியாயத்தை மாற்ற வேண்டாம். அது அச்சாகி ஊரெல்லாம் போய்விட்டது. உண்மையைச் சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லிவிட்டீர்கள். முடிந்தால் வேறொரு புத்தகம் எழுதுங்கள், தூங்குகிறவர்களும் கழுவுகிறவர்களும் வருகிற மாதிரி. யார் வாங்குவார்கள் என்று தெரியவில்லை. ஹாப்பவாராவில் இரண்டு பிரதி வாங்குவோம்.

போன ஞாயிற்றுக்கிழமை காப்பி நேரத்தில் அம்மா திடீரென்று பேசினாள்.

“பதினோரு வருஷம் எதிரும் புதிருமா உக்காந்து காப்பி குடிச்சிருக்கோம். என் புள்ளையக் கடைசியாத் தொட்டவ என் வீட்டுலயே இருந்திருக்கா. நான் வாராவாரம் கல்லறைக்குப் போயி கல்லத் தடவிட்டு வந்திருக்கேன். இந்தக் கையைத் தொட்டிருப்பேனே.”

 அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் மறைத்தேன். அவளுக்கு வேண்டியதைப் பூட்டி வைத்திருந்திருக்கிறேன்.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டாள். கண் தெரியாதவள் பொருளைத் தடவிப் பார்க்கிற மாதிரி.

“கண்ணு மூடியிருந்துச்சா?”

“நான்தாம்மா மூடினேன்.”

“தலைய எந்தப் பக்கமா சீவின?”

“இடது பக்கம் வகிடு எடுத்து. அவன் எப்பவும் சீவுற மாதிரி.”

“நகம்?”

“எல்லாம் சுத்தம் பண்ணினேன். பத்து வெரலும்.”

தலையை ஆட்டிக்கொண்டாள். எல்லாம் உண்மை, அதனால் சொல்லச் சொல்ல எனக்கும் நெஞ்சு லேசானது. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“கழுவினியே, வெந்நியா, பச்சத்தண்ணியா? அவனுக்குச் சின்னதுலேர்ந்து பச்சத்தண்ணி ஆகாது.”

அந்த ஜூலையில் ஒரு நாளைக்கு அறுபது பேர் வந்தார்கள், வில்யோ. தண்ணீர் ஏரியிலிருந்து நேராக வாளியில் வரும். சுட வைக்க விறகும் இல்லை, நேரமும் இல்லை. விரல் மரத்துப்போய்க் கத்தரிக்கோல் பிடிக்காது.

“வெந்நிதாம்மா,” என்றேன். “கை பொறுக்குற சூட்டுல.”

தைமி